செவ்வாய்க்கிழமை ஏலத்தில் புதுச்சேரி: கடன் பத்திரச் சந்தை ஏன் ஆட்டம் காண்கிறது

செவ்வாய்க்கிழமை என்றால் இந்திய மாநிலங்கள் கடன் வாங்கச் சந்தைக்கு வரும் நாள். ரிசர்வ் வங்கியின் இ-குபேர் என்ற மின்னணுத் தளத்தில் காலையில் ஏலம் நடக்கும். எந்த மாநிலம், எத்தனை கோடி, எத்தனை ஆண்டுக்கு என்ற பட்டியல் சில நாள் முன்பே வெளியாகிவிடும். தமிழ்நாடு அதில் பெரிய கை. 2023-24ஆம் நிதியாண்டில் மட்டும் தமிழக அரசு இப்படித் திரட்டிய கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஆயிரக்கணக்கான கோடி கேட்கும் மாநிலங்களுக்கு நடுவே, சில வாரங்களில் அதைவிட மிகச் சிறிய தொகையோடு இன்னொரு பெயரும் இருக்கும்: புதுச்சேரி.

புதுச்சேரி சந்தைக்கு வந்து கடன் வாங்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 2007 டிசம்பரில் தனக்கென்று பொதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கிய பிறகுதான் அந்த வழி திறந்தது. யூனியன் பிரதேசம் என்பதால் நிதிக்குழுவின் வரிப் பங்கீட்டில் அதற்கு இடமில்லை. எங்களையும் சேருங்கள் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது. மத்திய அரசு தரும் மானியம், சொந்த வரி வருமானம், மீதிக்குக் கடன் என்றுதான் வண்டி ஓடுகிறது. 2025 மார்ச்சில் முதல்வர் ரங்கசாமி தாக்கல் செய்த பட்ஜெட்டின் அளவு 13,600 கோடி ரூபாய். மத்திய அரசு அதே ஆண்டில் சந்தையில் வாங்கத் திட்டமிட்ட மொத்தக் கடன் 14.82 லட்சம் கோடி. புதுச்சேரியின் ஒரு வருட பட்ஜெட்டைப்போல நூறு மடங்குக்கு மேல்.

இந்த இரண்டு பேரும் ஒரே கடைக்குத்தான் வருகிறார்கள். பெரியவர் எவ்வளவு கேட்கிறார், எப்போது கேட்கிறார் என்பதுதான் சின்னவர் கட்டப்போகும் வட்டியைத் தீர்மானிக்கிறது. கடன் அதிகம் என்ற ஒரே காரணத்தால் சந்தை ஆட்டம் காணும் என்பது பொதுவான நம்பிக்கை. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. வாங்க வந்தவர்களின் கையில் இருக்கும் பணத்துக்கு மேல், ஒரே சமயத்தில், ஒரே மாதிரியான பத்திரம் வந்து குவியும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது. அப்படி ஏறிய வட்டி, அளவோடு கடன் வாங்கியவர்களின் தலையிலும் சேர்ந்து விழுகிறது.

விலையும் வட்டியும்

கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் ஒரே நேரத்தில் கரை திரும்பினால் ஏல விலை இறங்கும். மீனின் தரத்தில் ஒரு குறையும் இல்லை. அன்று வந்திருக்கும் வியாபாரிகளின் கையில் இருக்கும் பணம் அவ்வளவுதான். கடைசிக் கூடையையும் விற்றாக வேண்டும் என்றால், அதை எடுக்கச் சம்மதிக்கும் ஆள் சொல்லும் விலைதான் விலை.

பத்திர ஏலத்திலும் அந்தக் கடைசி ஆள்தான் முக்கியம். ஆனால் இங்கே விலை இறங்கினால் இன்னொன்று ஏறுகிறது. நூறு ரூபாய் முகமதிப்புள்ள பத்திரம் ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தருகிறது, பத்து ஆண்டு கழித்து நூறு ரூபாயைத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை 8 சதவீதம் ஆதாயம் எதிர்பார்க்கத் தொடங்கினால், அந்தப் பத்திரத்துக்கு யாரும் நூறு ரூபாய் தர மாட்டார்கள். சுமார் 93 ரூபாய் 29 காசுதான் தருவார்கள். இந்த ஆதாய விகிதத்தைத்தான் சந்தையில் யீல்டு என்கிறார்கள். விலை இறங்கினால் யீல்டு ஏறும், விலை ஏறினால் யீல்டு இறங்கும்.

கால அளவு இதில் பெரிய வேலை செய்கிறது. அதே 7 ரூபாய்ப் பத்திரம் இரண்டே ஆண்டில் முடிவதாக இருந்தால் விலை 98 ரூபாய் 22 காசுக்குத்தான் இறங்கும். முப்பது ஆண்டுப் பத்திரமாக இருந்தால் 88 ரூபாய் 74 காசுக்குப் போய்விடும். வட்டியில் நேர்ந்த மாற்றம் ஒன்றுதான், இழப்பு மட்டும் ஆறு மடங்குக்கு மேல் மாறுகிறது. நீண்ட காலப் பத்திரங்களில்தான் முதலில் நடுக்கம் தெரியும் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். அரசுகளோ நீண்ட காலக் கடனைத்தான் விரும்புகின்றன. முப்பது, நாற்பது ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தால் போதுமே.

வாங்குகிறவர்கள் யார்? இந்தியாவில் வங்கிகள், எல்.ஐ.சி. போன்ற காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதிகள், மியூச்சுவல் ஃபண்டுகள், தேவைப்படும்போது ரிசர்வ் வங்கி. 2024 ஜூன் 28 முதல், உலக முதலீட்டாளர்கள் பின்பற்றும் ஜேபி மார்கன் பத்திரக் குறியீட்டில் இந்திய அரசுப் பத்திரங்கள் சேர்ந்ததால் வெளிநாட்டுப் பணமும் ஓரளவு வருகிறது. வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் 18 சதவீதத்தை அரசுப் பத்திரம் போன்ற பாதுகாப்பான சொத்துகளில் வைத்தே ஆக வேண்டும் என்பது விதி. 1990களின் தொடக்கத்தில் இது 38.5 சதவீதமாக இருந்தது. அந்தக் காலத்தில் அரசுக்கு வாங்குபவரைத் தேடும் கவலையே இல்லை. வங்கியில் பணம் போட்டவர் அறியாமலே அரசுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது கட்டாயத்தின் பங்கு குறைந்து, விருப்பத்தின் பங்கு கூடியிருக்கிறது. சந்தையின் மனநிலைக்கு இவ்வளவு மதிப்பு வந்ததும் அதனால்தான்.

ஒரே கடன், இரண்டு விதமான வரவேற்பு

கடனின் அளவு மட்டும் சந்தையைக் கலைப்பதில்லை என்பதற்கு 2020-21 நல்ல சாட்சி. கொரோனா ஊரடங்கின் நடுவே, 2020 மே 8 அன்று மத்திய அரசு அந்த ஆண்டுக்கான கடன் இலக்கை 7.8 லட்சம் கோடியிலிருந்து ஒரே அறிவிப்பில் 12 லட்சம் கோடியாக உயர்த்தியது. பாதிக்கு மேல் கூடுதல். அப்படியிருந்தும் யீல்டு எகிறிக்கொண்டே போகவில்லை. பத்தாண்டுப் பத்திரம் 6 சதவீதத்தை ஒட்டியே நின்றது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கடைகள் மூடிக் கிடந்தன, தொழில் தொடங்கக் கடன் கேட்பவர் இல்லை, வங்கிகளில் டெபாசிட் குவிந்து கிடந்தது. அந்தப் பணம் போய்ச் சேர அரசுப் பத்திரத்தைவிட நல்ல இடம் இருக்கவில்லை.

அடுத்த 2021 பிப்ரவரி 1 பட்ஜெட்டில், நடப்பாண்டின் மிச்ச நாளுக்குள் இன்னும் 80,000 கோடி வாங்கப்போவதாகவும், வரும் ஆண்டிலும் 12 லட்சம் கோடி வாங்கப்போவதாகவும் அரசு சொன்னது. முந்தைய மே மாத அறிவிப்போடு ஒப்பிட்டால் 80,000 கோடி சின்னத் தொகை. ஆனால் இந்த முறை சந்தை முகம் சுளித்தது. பொருளாதாரம் மீளத் தொடங்கிவிட்டது, வட்டி இனி ஏறுமே தவிர இறங்காது என்ற எண்ணம் பரவியிருந்தது. ரிசர்வ் வங்கி மனதில் வைத்திருந்த விலைக்கு வாங்க ஆளில்லாமல், ஏலத்தில் பல முறை பத்திரங்கள் மிஞ்சின. அப்படி மிஞ்சியதை ஏலத்துக்கு உத்தரவாதம் கொடுத்த முதன்மை வியாபாரிகளின் தலையில் கட்டவேண்டியதாயிற்று. கடைசியில், அந்த ஏப்ரலில், அந்தக் காலாண்டில் ஒரு லட்சம் கோடிக்குப் பத்திரம் வாங்கிக்கொள்கிறோம் என்று ரிசர்வ் வங்கி முன்கூட்டியே வாக்குக் கொடுத்த பிறகுதான் நிலைமை அடங்கியது.

அரசின் நேர்மையிலோ திருப்பித் தரும் திறனிலோ இந்த ஒன்பது மாதத்தில் எதுவும் மாறிவிடவில்லை. மாறியது வாங்குகிறவர்களின் நிலைமை.

2025இல் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. ரிசர்வ் வங்கி பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு முறை ரெப்போ வட்டியைக் குறைத்தது. 6.5 சதவீதம் 5.25 ஆனது, முழுதாக ஒன்றேகால் சதவீதக் குறைப்பு. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் யீல்டும் அதே அளவு இறங்கியிருக்க வேண்டும் என்று நினைப்போம். வருடத் தொடக்கத்தில் சுமார் 6.8 சதவீதமாக இருந்தது, நடுவில் 6.2 வரை வந்துவிட்டு, டிசம்பரில் மறுபடி 6.6ஐ ஒட்டி நின்றது. ரிசர்வ் வங்கி ஒரு பக்கம் இழுக்க, சந்தை மறுபக்கம் இழுத்தது.

காரணம் ஒன்றல்ல. ஜூன் மாதம் அரை சதவீதம் குறைத்த கையோடு, இனிமேல் குறைக்க அதிக இடமில்லை என்ற சமிக்ஞையையும் ரிசர்வ் வங்கி கொடுத்துவிட்டது. ஆகஸ்டில் ஜி.எஸ்.டி. குறைப்பு அறிவிப்பு வந்ததும், வருமானம் குறைந்தால் அரசு கூடுதல் கடனுக்கு வருமோ என்ற பயம் வந்தது. ரூபாய் சரிந்து டிசம்பரில் ஒரு டாலருக்கு 90ஐத் தாண்டியது. சரிவைத் தடுக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்றபோது, வங்கிகளிடம் இருந்த ரூபாயும் உள்ளே போய்விட்டது. என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது நீண்ட காலப் பத்திரங்களின் நெரிசல். மத்திய அரசு முப்பது, நாற்பது ஆண்டுப் பத்திரம் விற்கிறது. மாநிலங்களும் அதே நீளத்துக்கு வருகின்றன. அவற்றை வாங்கக்கூடியவை காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும்தான். அவற்றின் பசி குறைந்தால் வேறு ஆளில்லை.

அரசும் இதைப் புரிந்துகொண்டது. செப்டம்பர் கடைசியில் அறிவித்த இரண்டாம் பாதிக் கடன் அட்டவணையில், மொத்தம் 6.77 லட்சம் கோடியில் மிக நீண்ட காலப் பத்திரங்களின் பங்கை சுமார் 35 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்குக் கீழே இறக்கியது. டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு லட்சம் கோடிக்குப் பத்திரம் வாங்கப்போவதாகச் சொன்னது. அது போதாதென்று அதே மாதம் இன்னும் இரண்டு லட்சம் கோடி என்றது.

புதுச்சேரிக்கு என்ன நேர்கிறது

மாநிலப் பத்திரங்களுக்கு மத்திய அரசுப் பத்திரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டி கேட்பார்கள். அரை சதவீதம்போல, நெரிசல் மிகுந்த மாதங்களில் அதற்கும் மேல். வியப்பான சங்கதி என்னவென்றால், கணக்கைக் கட்டுப்பாடாக வைத்திருக்கும் மாநிலத்துக்கும் கடனில் மூழ்கிய மாநிலத்துக்கும் இடையே இந்தக் கூடுதலில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஏலத்தை நடத்துவதும் கடனை நிர்வகிப்பதும் ரிசர்வ் வங்கி, மாநிலம் தவறினால் மத்திய அரசு கைவிடாது என்று சந்தை நம்புகிறது, அதனால் எல்லோரையும் ஏறக்குறைய ஒரே தட்டில் வைக்கிறது.

சின்னப் பிரதேசத்துக்கு இது ஒரு வகையில் கொடை. தனியாகத் தரம் பார்த்து வட்டி போட்டால், நூறு கோடிக்கு வரும் புதுச்சேரியை யார் சீண்டுவார்கள்? ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. புதுச்சேரி எவ்வளவு சிக்கனமாக நடந்தாலும் அதற்குப் பரிசு கிடையாது. மற்றவர்கள் அளவுக்கு மீறி வாங்கினால் அதன் சுமையில் பங்கு உண்டு. நூறு கோடிக்குப் பத்தாண்டுக் கடன், அரை சதவீதம் கூடுதல் வட்டி என்றால் ஆண்டுக்கு ஐம்பது லட்சம், பத்தாண்டில் ஐந்து கோடி. அது ஒரு ஏலத்துக்கு மட்டும். இப்படி வருடம் முழுதும் ஏலங்கள்.

கடனைத் தள்ளிப்போட முடிகிற காலமும் உண்டு, முடியாத காலமும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடலூர் மாவட்டத்தில் ஊர்கள் வெள்ளத்தில் மிதந்தன. புதுச்சேரி அரசு ரேஷன் அட்டைதாரர்களுக்குத் தலா 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்தச் சமயத்தில் யீல்டு இறங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று எந்த அரசும் உட்கார்ந்திருக்க முடியாது, இருக்கவும் கூடாது. புயல் கரையில் வாழும் அரசுக்குச் சந்தை எந்த நிலையில் இருந்தாலும் கதவைத் தட்டியாக வேண்டிய நாள் வரும். அதனாலேயே மற்ற நாட்களில் பெரிய கடன்காரர்கள் காட்டும் கட்டுப்பாடு இங்கே இருக்கிறவர்களுக்கும் சொந்த விஷயமாகிறது.

நிறுவனங்கள் அதே வரிசையில் நிற்கும்போது

அரசுக்குப் பின்னால் நிறுவனங்கள். இந்தியாவில் நிறுவனக் கடன் பத்திரங்களின் நிலுவை 50 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. ஏறக்குறைய எல்லாமே தனிப்பட்ட ஒதுக்கீட்டில், பெரிய கைகளுக்குள்ளேயே மாறுபவை. பொதுமக்களுக்கு நேரடியாக வருவது சொற்பம். கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியில் இருக்கும் என்.எல்.சி. இந்தியாவும் இந்தச் சந்தையில் பத்திரம் விற்றுப் பணம் திரட்டியிருக்கிறது. மின் நிலையம், சுரங்கம், சூரிய மின்சாரம் எல்லாமே முதலில் பணத்தைக் கொட்டி, பிறகு பல ஆண்டுகளில் எடுக்கும் தொழில்கள். பத்திர வட்டி ஏறினால் அந்தக் கணக்கு முழுதும் மாறும்.

நிறுவனங்களிடம் வட்டி கேட்பது அரசுப் பத்திரத்தின் யீல்டை அடிப்படையாக வைத்துத்தான். அரசுக்கு 6.6 என்றால் டிரிபிள் ஏ என்ற உச்சத் தரம் பெற்ற பொதுத்துறை நிறுவனத்துக்கு அதற்கு மேல் கொஞ்சம், தரம் குறையக் குறைய இன்னும் மேலே. அடித்தளம் உயர்ந்தால் எல்லா மாடியும் உயரும். பெரிய நிறுவனம் என்றால் ஏலத்தைக் கூப்பிட்டுவிட்டு, கேட்ட வட்டி கட்டுப்படியாகாது என்று திரும்பப் பெற்றுக்கொண்டு வங்கிக்குப் போகலாம். சின்ன நிதி நிறுவனத்துக்கு அந்தச் சொகுசு இல்லை. நகைக்கடன், இருசக்கர வாகனக் கடன், மகளிர் குழுக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பணத்தைப் பத்திரச் சந்தையிலும் வங்கியிலும் வாங்கித்தான் கொடுக்கின்றன. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் எடுத்த வீட்டுக்கடன் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டப்பட்டிருக்கிறது. ரெப்போ குறைந்தால் தவணை குறையும். பண்ருட்டியிலோ சிதம்பரத்திலோ குழுக் கடன் வாங்கிய பெண்ணுக்கு அப்படியொரு கயிறு இல்லை. ரிசர்வ் வங்கியின் வட்டிக் குறைப்பு வசதியானவர் வீட்டுக்கு முதலில் வந்து, இல்லாதவர் வீட்டுக்குக் கடைசியில் வருவது என்னை உறுத்தும் விஷயம்.

நிறுவனப் பத்திரத்தில் வட்டி அபாயத்தோடு அசல் அபாயமும் உண்டு. 2018 செப்டம்பரில் உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐ.எல்.எஃப்.எஸ். தவணை தவறியபோது, அதுவரை உயர்ந்த தரச் சான்றிதழ் வைத்திருந்த நிறுவனம் அது என்பது பலருக்கு அதிர்ச்சி. 2020 ஏப்ரல் 23 அன்று மியூச்சுவல் ஃபண்டு நிறுவனமான ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியபோது சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. பிறகு தவணை தவணையாகப் பணம் திரும்பியது, ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியாமல் தவித்தவர்களின் நாட்களை யாரும் திருப்பித் தரவில்லை. கடன் வாங்கி எழுப்பிய தொழில் என்ன ஆகும் என்பதற்குக் கடலூரிலேயே அடையாளம் உண்டு. வங்கிக் கடனில் எழுந்துகொண்டிருந்த நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப்போட்டது. வேலை நின்றது, வட்டி நிற்கவில்லை; கடைசியில் திவால் நடவடிக்கைக்குப் போய்ச் சேர்ந்தது.

உலக அளவில் இப்போது பெரிய கூட்டமாக வரிசையில் சேர்ந்திருப்பவை அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் கட்ட, இதுவரை கையிருப்பிலேயே செலவு செய்து வந்தவர்கள் கடனுக்கு வந்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் ஆரக்கிள் 1,800 கோடி டாலர், அக்டோபர் கடைசியில் மெட்டா ஒரே வெளியீட்டில் 3,000 கோடி டாலர், நவம்பரில் அமேசான் 1,500 கோடி டாலர். அதே நாட்டின் அரசுக் கடன் 2025 அக்டோபரில் 38 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. 2024 நிதியாண்டில் அமெரிக்கா வட்டிக்குச் செலவிட்டது ராணுவத்துக்குச் செலவிட்டதைவிட அதிகம். 2025 மே மாதம் தர மதிப்பீட்டு நிறுவனமான மூடிஸும் அந்நாட்டின் உச்சத் தரத்தைப் பறித்துவிட்டது. உலகத்தின் சேமிப்பு ஒன்றுதான். வாஷிங்டனும் கலிபோர்னியாவும் ஒரே நேரத்தில் அதில் கைவைத்தால், நம்மைப்போன்ற நாடுகளின் பத்திரத்துக்கு வரும் வெளிநாட்டுப் பணம் கூடுதல் வட்டி கேட்கும், அல்லது வராது.

லண்டன், பாரிஸ், புதுச்சேரி

சந்தை நடுங்குவது எப்படிச் சரிவாக மாறுகிறது என்பதை 2022இல் பிரிட்டன் காட்டியது. செப்டம்பர் 23 அன்று லிஸ் டிரஸ் அரசு, ஆண்டுக்கு 4,500 கோடி பவுண்டு அளவுக்கு வரியைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. அந்த இடைவெளியைக் கடன்தான் நிரப்ப வேண்டும். முப்பது ஆண்டு அரசுப் பத்திரத்தின் யீல்டு சில நாளில் 5 சதவீதத்துக்கு ஏறியது. இதுவரைக்கும் சாதாரணக் கதை. விபரீதம் வந்தது ஓய்வூதிய நிதிகள் வழியாக. அவை பத்திரத்தை அடமானமாக வைத்துக் கடன் வாங்கி, அதில் மேலும் பத்திரம் வாங்கியிருந்தன. பத்திர விலை இறங்கியதும் கடன் கொடுத்தவர்கள் கூடுதல் அடமானம் கேட்டார்கள். பணத்துக்காக நிதிகள் பத்திரத்தையே விற்றன. எல்லோரும் ஒரே சமயத்தில் விற்றதால் விலை இன்னும் இறங்கியது, இன்னும் அடமானம் கேட்டார்கள். ஐந்தே நாளில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து உள்ளே வந்து பத்திரத்தை வாங்கித்தான் அந்தச் சுழலை நிறுத்த முடிந்தது. அக்டோபர் 20 அன்று பிரதமர் ராஜினாமாவை அறிவித்தார்.

பிரான்ஸில் இதே விஷயம் மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது. புதுச்சேரிக்கு அது அடுத்த வீட்டுச் சேதி. 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய சொல்தாக்களும் அவர்களின் விதவைகளும் யூரோவில் ஓய்வூதியம் பெறுகிறார்கள். அந்தப் பணத்தில் இந்த ஊரில் பல வீடுகள் எழும்பியிருக்கின்றன, பல பிள்ளைகள் படித்திருக்கிறார்கள்.

2025 தொடக்கத்தில் பிரான்ஸின் அரசுக் கடன் நாட்டின் ஆண்டு உற்பத்தியில் சுமார் 114 சதவீதமாக இருந்தது. 2025 ஜூலை 15 அன்று பிரதமர் பிரான்சுவா பய்ரூ 4,380 கோடி யூரோ மிச்சப்படுத்தும் திட்டத்தை முன்வைத்தார். ஓய்வூதியத்தையும் சமூக நலத் தொகைகளையும் அடுத்த ஆண்டு ஏற்றாமல் அப்படியே நிறுத்திவைப்பது அதில் ஒரு பகுதி. செப்டம்பர் 8 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் அவர் தோற்றார். நான்கு நாளில் ஃபிட்ச் பிரான்ஸின் தரத்தைக் குறைத்தது; அக்டோபரில் எஸ்.அண்ட்.பி.யும் குறைத்தது. பத்தாண்டுப் பத்திர யீல்டு 3.5 சதவீதத்தை எட்டியது.

நாளைக்கே ஓய்வூதியம் நின்றுவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை; அப்படி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் பணவீக்கத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஏற வேண்டிய தொகை ஏறுமா என்ற கேள்வி இனி ஒவ்வொரு பட்ஜெட்டிலும் வரும். பத்திரம் வாங்குகிறவர்களைச் சமாதானப்படுத்த அரசுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவற்றில் அதுவும் ஒன்று. பிரான்ஸ் தன்னிஷ்டத்துக்கு யூரோ அச்சடிக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக் கணக்கில்

2025இல் ரெப்போ இறங்கியதும் வங்கி எஃப்டி வட்டியும் வேகமாக இறங்கியது. டெபாசிட் வட்டியில் காலம் தள்ளும் பெரியவர்களுக்கு நேரடி அடி. அதே காலத்தில் நீண்ட காலப் பத்திர வட்டி அசையாமல் இருந்ததால், பத்தாண்டு மாநிலப் பத்திரம் பெரிய வங்கிகளின் எஃப்டியைவிடத் தெளிவாகக் கூடுதல் ஆதாயம் தந்தது. ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் திட்டம் 2021 நவம்பர் 12 முதல் இருக்கிறது. தனிநபர் யாரும் இணையத்தில் கணக்குத் தொடங்கி, 10,000 ரூபாயிலிருந்து மத்திய, மாநில அரசுப் பத்திரங்களை ஏலத்திலேயே வாங்கலாம். விலை சொல்ல வேண்டியதில்லை. ஏலத்தில் முடிவான விலைக்குக் கிடைக்கும். புதுச்சேரிவாசி புதுச்சேரி அரசுக்கே கடன் கொடுக்க முடியும் என்பது எனக்குப் பிடித்த சாத்தியம்.

ஒரு எச்சரிக்கை உண்டு. முதிர்வு வரை வைத்திருக்கும் பணத்தை மட்டும் போட வேண்டும். நடுவில் விற்க நேர்ந்தால், மேலே பார்த்த 93 ரூபாய், 88 ரூபாய்க் கணக்கு உங்கள் கணக்காகிவிடும். அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் 30 லட்சம் வரை இடம் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை நிரப்பிவிட்டு இதற்கு வருவது நல்லது; 2025 முழுவதும் அதன் வட்டி 8.2 சதவீதமாகவே இருந்தது. இணையத் தளங்களில் 12, 13 சதவீதம் என்று விளம்பரம் வரும் நிறுவனப் பத்திரங்கள் வேறு ரகம். பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபி குறைந்தபட்ச முகமதிப்பை 10 லட்சத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும், 2024இல் 10,000 ரூபாய்க்கும் இறக்கியதால் அவை இப்போது எல்லோர் கைக்கும் எட்டுகின்றன. அரசு 6.6க்கு வாங்கும்போது ஒரு நிறுவனம் 13க்கு வாங்குகிறது என்றால், இடையில் இருக்கும் ஏறக்குறைய ஆறரை சதவீதம் அசல் திரும்பாமல் போகும் அபாயத்தின் விலை. ஓய்வுக்காலப் பணத்தை அதில் போடச் சொல்பவரிடம், அந்த நிறுவனத்தின் தரச் சான்றிதழையும் பிணை என்ன என்பதையும் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இனி அரசின் பக்கம். மாநிலங்கள் ஆண்டுக் கடனில் பெரிய பகுதியை ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் வந்து குவிக்கின்றன. வருடக் கடைசி, பில்கள் நெருக்குகின்றன, அனுமதித்த கடன் வரம்பில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட வேண்டும். சந்தை நெரிசலாக இருப்பதும் அப்போதுதான். புதுச்சேரி தன் தொகையின் அளவால் சந்தையை அசைக்க முடியாது, ஆனால் எந்த மாதம் வருவது, எத்தனை ஆண்டுப் பத்திரம் விற்பது என்ற இரண்டும் அதன் கையில் இருக்கின்றன. சின்னவருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: நூறு கோடியை நெரிசல் இல்லாத வாரத்தில் யார் கவனத்தையும் ஈர்க்காமல் விற்றுவிடலாம். பட்ஜெட் விவாதத்தில் மொத்தக் கடன் எவ்வளவு என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். எந்த வாரத்தில், எத்தனை ஆண்டுக்கு, எந்த வட்டியில் ஏலம் முடிந்தது, அதே மாதம் மற்ற மாநிலங்களுக்கு என்ன வட்டி கிடைத்தது என்றும் கேட்கலாம். விவரங்கள் எல்லாம் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் செவ்வாய்க்கிழமை அன்றே வந்துவிடுகின்றன.